அறுந்தது எந்தக் கண்ணி?

நுழையும்முன்

கருவி ஒன்று பழுதுபட்டவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிய வழியாகத் தோன்றும். அவ்வழியில் பழுது சிலவேளை நீங்கலாம். ஆனால், அதன் காரணம் விளங்குவதில்லை. காரணம் விளங்காத பழுது மீண்டும் வரும். மெய்நிகர் கணினியில் தடைப்பட்ட இணைய இணைப்பைச் சீர்செய்யும் முறையின் வாயிலாக, ஆராய்ந்து தெளியும் மனப்பாங்கை விளக்குகிறது இப்பாடம்.

பள்ளியொன்றின் கணினி ஆய்வகம். செயல்திட்டத்தை ஒப்படைக்க இரண்டு நாள்களே எஞ்சியுள்ளன. மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் உள்ள லினக்ஸ் மெய்நிகர் கணினியில் மூன்று வாரங்களாக நிரல் எழுதி வந்தாள். முந்தைய இரவு வீட்டில் இயங்கிய இணையம், அன்று காலை அதில் இயங்கவில்லை. ஆனால், அதே மடிக்கணினியின் விண்டோஸ் உலவியிலோ இணையப் பக்கங்கள் தடையின்றித் திறக்கின்றன. "அதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடு. அரைமணி நேரம்தான் ஆகும்" என்கிறாள் தோழி. அழித்தால் மூன்று வார உழைப்பும் உடன் அழியும். அதற்கு வேறு படி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை.

கணினிக்குள் ஒரு கணினி

ஒரு கணினியின் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுக்கொண்டு, தனிக் கணினி போலவே இயங்கும் மென்பொருள் அமைப்பே மெய்நிகர் கணினியாகும். இக்கருத்து புதியதன்று. 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை வெளியிட்டது. 1991ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை உருவாக்கினார். இன்று விண்டோஸ் கணினிக்குள்ளும் லினக்ஸை இயக்கிப் பயிலும் வாய்ப்பை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் தருகின்றன.

தாங்கி நிற்கும் கணினியைத் தாய்க்கணினி எனலாம். உள்ளிருக்கும் கணினிக்கு உண்மையான வலையமைப்பு அட்டை இல்லை. மென்பொருளால் ஆன அட்டையே உண்டு. எனவே, தாய்க்கணினியில் இணையம் இருப்பதனாலேயே உள்ளிருக்கும் கணினியிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டிற்கும் இடையில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதில் அறுந்த கண்ணியைக் கண்டறிவதே முதற்பணி.

இணையும் முறைகள் மூன்று

மெய்நிகர் அட்டை வெளியுலகோடு இணையும் முறைகளுள் மூன்று இன்றியமையாதவை. முதலாவது, 'நாட்' எனப்படும் முகவரி மாற்று முறை. விடுதி மாணவர்களின் கடிதங்கள் அனைத்தும் காப்பாளர் பெயரில் வெளியே சென்று, அவர் பெயருக்கே பதில் வந்து, பின்னர் உரியவரிடம் சேர்வதை ஒத்தது இது. உள்ளிருக்கும் கணினியின் பொதிகள் தாய்க்கணினியின் முகவரியிலேயே வெளியே செல்கின்றன. இரண்டாவது, 'பிரிட்ஜ்' எனப்படும் பால முறை. இதில் மெய்நிகர் கணினி, தெருவில் தனிக் கதவெண் பெற்ற வீடு போல, வலையமைப்பில் தனி முகவரி பெறுகிறது. பதிவு செய்த கருவிகளை மட்டும் ஏற்கும் வலையமைப்புகளில் இம்முறை இயங்காமல் போகலாம். மூன்றாவது, தாய்க்கணினியோடு மட்டும் பேசும் 'ஹோஸ்ட் ஒன்லி' முறை. வீட்டிற்குள் மட்டும் பேச உதவும் தொலைபேசி போன்றது இது. இதனைத் தெரிந்தெடுத்தவர் இணையத்தை எதிர்பார்த்தல் பயனற்றது.

ஆகவே, லினக்ஸிற்குள் நுழையும் முன்பே மெய்நிகர் கணினியின் அமைப்புகளில் எம்முறை உள்ளது, 'கேபிள் இணைக்கப்பட்டது' என்னும் குறி இடப்பட்டுள்ளதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். மாணவியின் கணினியில் நாட் முறை இருந்தது, குறியும் இடப்பட்டிருந்தது. முதற்கண்ணி உறுதி.

உள்ளிருந்து வெளியே

அடுத்து, லினக்ஸின் முனையத்தில் 'ஐபி அட்ரஸ்' என்னும் கட்டளையை இட வேண்டும். அது வலையமைப்பு அட்டைகளையும் அவற்றின் முகவரிகளையும் காட்டும். 127.0.0.1 என்பது கணினி தன்னையே சுட்டும் முகவரி; அதனைக் கண்டு மகிழ்தல் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் முதல் அட்டைக்கு வழக்கமாக 10.0.2.15 என்னும் முகவரி அமையும். முகவரி ஏதும் இல்லையெனில் அட்டை செயற்படவில்லை, அல்லது முகவரி வழங்கும் சேவையிடமிருந்து பதில் வரவில்லை எனக் கொள்ளலாம். 169.254 எனத் தொடங்கும் முகவரி இருப்பின், முகவரி கேட்டும் கிடைக்காததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள்.

முகவரி மட்டும் போதாது. வெளியே செல்லும் வழியும் தெரிய வேண்டும். 'ஐபி ரூட்' என்னும் கட்டளை அவ்வழியைக் காட்டும். 'டீஃபால்ட்' எனத் தொடங்கும் வரி, நுழைவாயிலின் முகவரியைச் சொல்லும். நாட் முறையில் அது 10.0.2.2 ஆக இருக்கும். இவ்வரி இல்லாதபோது வெளியுலகைத் தேடினால், 'வலையமைப்பை எட்ட இயலவில்லை' என்னும் பொருள்படும் செய்தி உடனே தோன்றும்.

மாணவியின் கணினியில் முகவரியும் இருந்தது, வழியும் இருந்தது. அடுத்து 'பிங்' கட்டளையால் 8.8.8.8 என்னும் முகவரியை அழைத்தாள். அது கூகுள் நிறுவனம் நடத்தும் பொதுப் பெயர்ச்சேவையின் முகவரி. நான்கு பொதிகள் சென்றன. நான்கிற்கும் பதில் வந்தது. இணையம் எட்டும் தொலைவில்தான் இருந்தது.

தெரியுமா?

'பிங்' நிரலை 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய உதவும் சோனார் கருவியின் ஒலியை வைத்தே அதற்குப் பெயரிட்டார். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது போல, பொதியை அனுப்பிப் பதிலை எதிர்நோக்குகிறது அந்நிரல். பாதுகாப்புக் கருதிச் சில வலையமைப்புகள் இதனைத் தடுத்து வைப்பதுண்டு. எனவே, பதில் வந்தால் வழி உண்டு என உறுதிசெய்யலாம். வராததனாலேயே வழி இல்லை எனத் துணிதல் ஆகாது.

பெயரும் எண்ணும்

மனிதர் பெயர்களை நினைவிற்கொள்கின்றனர். கணினிகளோ எண்களால் ஒன்றையொன்று அடைகின்றன. பெயரை எண்ணாக மாற்றித் தரும் களப்பெயர் முறைமையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டு வடிவமைத்தார். மாணவி இப்போது எண்ணுக்கு மாறாக ஓர் இணையதளத்தின் பெயரை இட்டுப் பிங் செய்தாள். 'பெயரைக் கண்டறிவதில் தற்காலிகத் தோல்வி' என்னும் பொருள்படும் செய்தி வந்தது. எண் பதிலளிக்கிறது, பெயர் பதிலளிக்கவில்லை. அறுந்த கண்ணி அகப்பட்டது.

எந்தப் பெயர்ச்சேவையைக் கேட்பது என்பதை லினக்ஸ் குறித்து வைத்திருக்கும் கோப்பு, 'எட்க்' கோப்புறையில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' ஆகும். அதனைத் திறந்தாள். 192.168.1.1 என்னும் முகவரி அங்கு இருந்தது. அது அவள் வீட்டுத் திசைவியின் முகவரி. முந்தைய இரவு ஏதோ ஒரு பயிற்சிக்காக அவளே கைப்பட இட்டது. வீட்டில் அது பதில் தந்தது. பள்ளியின் வலையமைப்பில் அம்முகவரியில் எக்கருவியும் இல்லை. கைப்பட இட்டதை நீக்கி, முகவரி வழங்கும் சேவையே பெயர்ச்சேவையையும் தெரிவிக்குமாறு மாற்றியபின் இணையம் மீண்டது. மூன்று வார உழைப்பும் இருந்த இடத்தில் இருந்தது.

பெயரும் எண்ணும் பதிலளித்து, உலவி மட்டும் மறுப்பதும் உண்டு. அப்போது பதிலாள் சேவையக அமைப்பையும் தீயரணையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். உறங்கவிட்டு எழுப்பிய மெய்நிகர் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருப்பின், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றக்கூடும். அதற்காகத் தீயரணை நீக்குதல், காய்ச்சலுக்குக் காலை வெட்டுவது போன்றது.

முறையே மருந்து

இம்மாணவி அருமருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அருகிலிருந்து தொலைவு நோக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்தாள். ஒவ்வொரு சோதனையும் ஐயத்தின் எல்லையைக் குறுக்கியது. பல அமைப்புகளை ஒருசேர மாற்றியிருந்தால், சீரானபின்னும் எதனால் சீரானது என்பது விளங்கியிராது. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறி. அந்நெறி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று.

பழுதின் காரணம் அவள் கையாலேயே இடப்பட்டிருந்தது என்பதும் எண்ணத்தக்கது. பிறர்மீதும் கருவிமீதும் பழி சுமத்தியிருந்தால், அக்கோப்பைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றியிராது. அன்று மாலை அவள் முதலில் செய்தது, தன் செயல்திட்டத்தை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்ததே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. முகவரி, வழி, எண்ணுக்குப் பதில், பெயருக்குப் பதில் என்னும் நான்கு சோதனைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் தோற்றால் அறியப்படுவது யாது எனப் பட்டியலிடுக.

2. நாட் முறையை விளக்க, விடுதிக் காப்பாளர் உவமைக்கு மாற்றாக உங்கள் ஊர் வாழ்க்கையிலிருந்து வேறோர் உவமையைக் கூறுக.

3. வீட்டில் பழுதுபட்ட மிதிவண்டி, மின்விசிறி, நீரேற்றி ஆகியவற்றுள் ஒன்றின் குறையைக் காரணம் தேடிச் சீர்செய்த அனுபவத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'அழித்துத் தொடங்குதலினும் ஆராய்ந்து திருத்துதலே நன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.