விளையாட்டும் விஞ்ஞான ஆசிரியரும்

நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினையும் உவமையாகக் கூறினார் நன்னூலார். இவற்றுள் துலாக்கோல், பொருளின் அளவை ஐயமற உள்ளவாறே காட்டுவது. பிறர் ஐயம் போக்கும் அக்கோல் தானே பிழைபட்டிருப்பின் என் செய்வது? இளஞ்சிறார்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் தம் அறிவைச் சோதித்துத் திருத்திக்கொள்ளுதற்கு விளையாட்டு எங்ஙனம் துணைபுரியும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் பெரும்பாலும் மொழி, கணக்கு, வரலாறு, விஞ்ஞானம் ஆகிய அனைத்தையும் தாமே கற்பிக்கக் கடமைப்பட்டவர். அவருள் விஞ்ஞானத்தைச் சிறப்பாகப் பயிலாதார், தாம் இளமையில் மனனம் செய்த விடைகளையே மீட்டும் சொல்ல நேர்கிறது. மாணவன் கொண்ட பிழை அவனோடு ஒழியினும் ஒழியும். ஆசிரியர் கொண்ட பிழையோ ஆண்டுதோறும் ஒரு வகுப்பிற்குப் பரவும்.

சான்றாக, பூமியின் நிழல் விழுவதனாலேயே திங்கள் தேய்ந்து வளர்கிறதென்று கற்றோருள்ளும் பலர் நம்புகின்றனர். இதனைப் பிழையென்று கூறுதல் எளிது. கூறிய அளவில் அது நீங்குவதில்லை. ஆதலின் இருண்ட அறையில் ஒரு விளக்கை ஏற்றி, அதனைக் கதிரவனாகக் கொள்க. ஆசிரியர் ஒவ்வொருவரும் குச்சியிற் செருகிய வெண்பந்தொன்றைக் கை நீட்டித் தலைக்குச் சற்று மேலாகப் பிடித்து, இடப்புறமாக மெல்லச் சுழல்க. தலையே பூமி, பந்தே திங்கள். பந்து விளக்கின் பக்கம் நிற்கையில் நம்மை நோக்கிய பாகம் இருண்டிருக்கும், அஃது அமாவாசை. கால்வட்டம் திரும்பியதும் பாதி ஒளிரும். விளக்கு முதுகுப்புறம் ஆகுங்கால் முழுமதி தோன்றும். இத்துணை மாற்றங்களிலும் தலையின் நிழல் பந்தின்மேல் விழவே இல்லை. இனிப் பந்தைத் தலையின் மட்டத்திற்குத் தாழ்த்துக. முழுமதி நிலையில் மட்டும் நிழல் அதனை மறைக்கும். அதுவே சந்திர கிரகணம். திங்களின் பாதை பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருத்தலால், பௌர்ணமிதோறும் கிரகணம் நேராமையும் உடனே விளங்கும்.

செய்து கற்கும் இவ்வகைப் பயிற்சி நம் நாட்டில் பெரிய அளவில் நடந்ததுண்டு. மத்தியப் பிரதேசத்தில், இந்நாளில் நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. 1978-இல் மாவட்டமெங்கும் பரவிற்று. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனைப் பேணிற்று. ஆசிரியரே மாணவராய் அமர்ந்து, தாம் கற்பிக்கவேண்டிய சோதனைகளைத் தம் கையாற் செய்து பார்த்தனர்.

அங்குச் சென்று பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் அமைக்கும் விளையாட்டை ஆக்கினார். மூன்று குச்சியாலாகிய முக்கோணம் விரலால் அழுத்தினும் வடிவு மாறாது. நான்கு குச்சியாலாகிய சதுரமோ உடனே சாயும். மூலைக்கு மூலை ஒரு குச்சி இட்டால் நிலைத்து நிற்கும். ஐங்கோணத்திற்கு 2 குச்சிகளும் அறுகோணத்திற்கு 3 குச்சிகளும் அவ்வாறு வேண்டும். கூரைச் சட்டங்களிலும் இருப்புப் பாலங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருத்தலின் காரணம் இதனால் இனிது புலனாகும்.

விளையாடுதல் ஒன்றே போதுமோ எனின், போதாது. நிகழப்போவது யாதென ஒவ்வொருவரும் முன்னரே எழுதிவைத்தல், பின்னர் ஆடிக் காணுதல், இறுதியில் காரணத்தைக் கூடி ஆராய்தல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஆட்டம் வெறும் பொழுதுபோக்காய் முடியும். விளையாடுதல் ஆசிரியர் மதிப்பைக் குறைக்கும் என்பாரும் உளர். உண்மை அதற்கு மாறாகும். தேர்வில் தவறான விடை நாணத்திற்கு இடமாவது. ஆட்டத்தில் தோல்வியோ மறுமுறை ஆடுதற்கு அழைப்பாவது. அறியாமையை ஒளியாமல் வெளியிடுதற்கு இதனினும் தக்க இடம் பிறிதில்லை.

முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திற்று. ஆயினும் விளக்கும் பந்தும் தீக்குச்சியும் கிடையாத ஊர் இல்லை. நண்பர்காள்! நம்முள் பலர் நாளை ஆசிரியராவர். பிறரை நிறுக்கப் புகுமுன் நம் கோலை நாமே சோதித்துக்கொள்வோமாக.