அம்மா கை படாத ஓவியம்

சிறப்புக் குழந்தைகளுக்கான ஓவியப் பட்டறை என்றதுமே பலருக்குக் கடைசி நாள் கண்காட்சிதான் கண்முன் வருகிறது. சுவர் முழுக்க மயில், தேசியக் கொடி, பொங்கல் பானை. முன்னால் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குரூப் போட்டோ. அந்த மயில்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கோடு டீச்சர் போட்டது, கலர் அம்மா அடித்தது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஓவிய ஆசிரியரும் நுண்கலைப் பட்டதாரியும் திட்டம் போடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பெரியவர் யாரும் கை வைக்காமல் இந்தப் பிள்ளை எதைச் செய்து முடிக்கும்?

அதற்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அடையாள அட்டையில் இருக்கும் வகையும் சதவீதமும் உதவித்தொகை வாங்க உதவும், உங்கள் மேசையில் உதவாது. உங்களுக்கு வேண்டியது வேறு. எந்தக் கை வாட்டம்? எதையெல்லாம் வாயில் வைக்கும்? எந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும்? வலிப்பு உண்டா, மாத்திரை எத்தனை மணிக்கு? கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதை எப்படிச் சொல்லும்? அம்மாவிடம் போனில் பத்து நிமிடம் பேசினாலே இதில் பாதி கிடைத்துவிடும். மீதி வட்டார வள மையத்தில் கிடைக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அங்கே இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடு வரை போய் வருகிறவர்கள். அவர்களைப் பார்க்காமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள். நோட்டீஸில் ‘ஆர்ட் தெரபி’ என்றும் போடாதீர்கள். சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பணிகளுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். ஓவியப் பட்டயம் உங்களை ஓவிய ஆசிரியர் ஆக்கும், சிகிச்சையாளர் ஆக்காது.

அரசுப் பள்ளி வளாகம் என்றால், தலைமையாசிரியர் தெரிந்தவர் என்பதை நம்பி நுழையக் கூடாது. 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு சர்ச்சையான பிறகு வெளியாட்கள் விஷயத்தில் கல்வித்துறை கெடுபிடியாகத்தான் இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2023இல் குண்டலப்புலியூர் காப்பகத்தில் இருந்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதாக வந்த செய்திகளை இந்த மாவட்டத்துப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சந்தேகப்பட்டால் முகம் சுளிக்காதீர்கள். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும்; சம்மதம் இருந்தாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அது போகக் கூடாது.

அடுத்தது பஸ். இதைக் கணக்கில் எடுக்காத திட்டம் முதல் நாளே படுத்துவிடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இல்லை. ஆனால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஓடும் பஸ்ஸில் இந்தச் சலுகை அப்படியே கிடைக்காது. ஆகவே எல்லோரையும் ஒரே ஊருக்கு வரச்சொல்லாதீர்கள். மயிலம், ஒலக்கூர், மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திண்டிவனத்திலும், விக்கிரவாண்டி, கண்டமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விழுப்புரத்திலுமாக இரண்டு பட்டறை வையுங்கள். காலை பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டுக்கு முடியுங்கள், நடுவில் சாப்பிட ஏதாவது கொடுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் பிரஷ்ஷைக் கொடுத்துப் பயனில்லை. இடம் தரைத்தளத்தில், சாய்தளத்தோடு, சக்கர நாற்காலி உள்ளே போகக்கூடிய கழிப்பறையோடு இருக்க வேண்டும். மாடியில் ஏசி மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

பொருளுக்காகச் சென்னையிலிருந்து கிட் வரவழைக்கவும் வேண்டாம். விழுப்புரத்தை ஒட்டிய அய்யங்கோவில்பட்டில் காகிதக்கூழும் கிழங்கு மாவும் சேர்த்துப் பிள்ளையார் சிலை செய்கிறார்கள். அந்தக் கைவேலையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் எல்லாப் பிள்ளைக்கும் அதில் ஒரு வேலை இருக்கும். பென்சில் பிடிக்க வராத பிள்ளைக்குப் பழைய பேப்பரைக் கிழிக்க வரும், கிழிக்கிற சத்தமும் பிடிக்கும். ஈரம் கையில் பட்டாலே கூச்சப்படும் ஆட்டிசப் பிள்ளைக்குக் கூழை நல்ல கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டிக் கொடுங்கள், வெளியிலிருந்தே பிசையும். பார்வையில்லாத பிள்ளைக்குக் கூழில் மணல் ஒரு பங்கு, புளியங்கொட்டை ஒரு பங்கு என்று தனித்தனியாகக் கலந்து வையுங்கள், விரலாலேயே பிரித்து எடுத்துக்கொள்ளும். பேப்பரை முந்தின இரவே ஊறப்போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

விரல் இறுக்கமான மூளை முடக்குவாதப் பிள்ளைக்குக் கடையில் விற்கும் பிரஷ் நழுவும்தான். பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரஷ் காம்பில் இறுக்கிச் சுற்றி நூல் கட்டினால் காம்பு கட்டைவிரல் தடிமனுக்கு வரும், பிடியும் வழுக்காது. தாளை நான்கு மூலையில் ஒட்டினால் போதாது, நான்கு பக்கமும் டேப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் தாள் கிழியும், கிழிந்ததும் பக்கத்தில் இருக்கும் பெரியவர் கை தானாக நீளும். வாயில் வைக்கிற பிள்ளைக்கு மைதா மாவில் மஞ்சளும் பீட்ரூட் சாறும் போதும். கோலப்பொடி வேண்டாம், பறந்து மூச்சில் ஏறும். விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையில் கீழ்வாலைப் பாறையில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களைக் காட்டிவிட்டு, செங்கல் தூளை ஈரத்துணி மூடிச் சலித்துக் கோந்தில் குழைத்துக் கொடுங்கள். காவி ஒரே நிறம் என்பதால் எந்தக் கலரை எடுப்பது என்று தடுமாறும் பிள்ளைக்கு அது நிம்மதி.

எதைக் கொடுத்தாலும் தொடாத பிள்ளையும் ஒன்று இருக்கும். அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர், காதும் கேட்காது. 1987இல் ஓக்லாந்தில் உள்ள ஒரு கலை மையத்தில் சேர்ந்தபோது ஓவியத்தில் அவருக்கு ஒட்டுதலே வரவில்லை. பின்னர் ஒரு நூல் கலைஞரின் வகுப்பில் உட்கார்ந்தவர், கிடைத்த பொருள்களை எல்லாம் நூலால் சுற்றிச் சுற்றிச் சிற்பமாக்கத் தொடங்கினார். இன்று அவை பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த மையம் நல்லவேளையாக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. உங்கள் பட்டறையிலும் ஒரு ஓரத்தில் நூல்கண்டு, பனையோலைத் துண்டு, துணிக்கிழிசல் கிடக்கட்டும். தொடச்சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

சரி, அம்மாக்களை என்ன செய்வது? வெளியே உட்காரச் சொன்னால் பதறுவார்கள், அது நியாயமும்கூட. அதே அறையில் அவர்களுக்குத் தனி மேசை போட்டு, தனித் தாளும் கலரும் கொடுங்கள். கண் பிள்ளைமேல்தான் இருக்கும், கையில் சொந்த வேலை இருக்கும். உதவியாளர்களுக்கும் ஒரு கண்டிப்பு வேண்டும். தாளைப் பிடிக்கலாம், தண்ணீர் மாற்றலாம், கோடு போடக் கூடாது.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவோம். அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அரசை மட்டும் நம்பி இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். தனியார் சிறப்புப் பள்ளிகள், சிறப்புப் பயிற்றுநர் வைத்திருக்கும் சிபிஎஸ்இ பள்ளிகள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு நிகழ்ச்சி தேடும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி இவைதான் வாடிக்கை. இலவசமாகச் செய்துகொடுத்துப் பெயர் வாங்கலாம் என்பார்கள். அடுத்த தடவையும் இலவசமாகத்தான் கேட்பார்கள். மதிப்பீட்டில் பொருள், உதவியாளர் கூலி, சிற்றுண்டி, உங்கள் சம்பளம் என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். குறைக்கச் சொன்னால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உதவியாளரைக் குறைக்காதீர்கள். இரண்டு பிள்ளைக்கு ஒருவர் இல்லையென்றால் அது பட்டறை ஆகாது.

முடித்த மறுநாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, எந்தப் பொருளைத் தேடி எடுத்தது, எதைத் தள்ளிவிட்டது, எங்கே உதவி கேட்டது. அம்மாவுக்கு ஒரு பிரதி, சிறப்புப் பயிற்றுநருக்கு ஒரு பிரதி. அந்தப் பிள்ளைக்கென்று போடும் தனிக் கல்வித் திட்டத்தில் அவர் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கண்காட்சி போட்டோவை அவர் அடுத்த நாளே மறந்துவிடுவார். அடுத்த பட்டறைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பள்ளியில் பேச்சு வரும்போது, இந்த அரைப் பக்கம் அவர் கோப்பில் இருக்கும்.