காங்கேசன்துறை: சீமெந்து ஊரின் கதை

சாவகச்சேரி நிலையத்தைக் கடந்து வடக்கே செல்லும் புகையிரதம் காங்கேசன்துறையில் போய் நிற்கும். இன்றைய மாணவிகள் பலருக்கு அது பாதை முடியும் இடம். நம் பாட்டன்மாருக்கோ அது சீமெந்து ஊர்.

அரசின் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸில் சுட்டால் 'கிளிங்கர்' எனும் கட்டிகள் உருவாகும். அவற்றுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. துறைமுகமும் புகையிரதப் பாதையும் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் குடிநீரைத் தாங்கி நிற்பதும் அதே சுண்ணாம்புக்கல்தான். கல் அகழ்ந்த பள்ளங்கள் அந்தத் தொழிலுக்கு நிலம் கொடுத்த விலை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆலையும் புகையிரதமும் நின்றன. மக்கள் இடம்பெயர்ந்தார்கள், ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்தும் யாழ் நகரிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊரை இழப்பது எப்படியென்று நம் வீடுகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று காங்கேசன்துறைக்கெனத் தனி நகரசபை இல்லை. அது வலிகாமம் வடக்கு பிரதேச சபைக்குள் அடங்குகிறது. பின்லாந்திலும் இதையொத்த ஓர் ஊர் உண்டு. கூசன்கோஸ்கி காகித ஆலைகளால் வளர்ந்த நகரம். அதன் வொய்க்கா ஆலை 2006இல் மூடப்பட்டது. 2009 ஜனவரி 1இல் அந்நகரம் அயலிலிருந்த கோவோலா நகரத்துடன் இணைக்கப்பட்டது. ஆனால் அங்கே மாறியது சபை. மக்கள் தம் வீடுகளிலேயே இருந்தார்கள். இங்கே மக்களே வெளியேற நேர்ந்தது. சபை போனாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும். குடியிருப்போர் போனால் தெருவின் பெயரைச் சொல்லக்கூட ஆள் இராது.

2015 ஜனவரியில் புகையிரதம் திரும்பியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சூளை மட்டும் மீண்டும் எரியவில்லை.

மாணவிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இம்மூன்றையும் கேட்டு எழுதுங்கள்: 1990க்கு முன் எங்கே இருந்தீர்கள்? என்ன தொழில் செய்தீர்கள்? அயலவர் யார்? பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.