பஞ்சும் கரியும் மருத்துவமும்

நம் கையிலுள்ள இம்மலரின் தாள், நாம் உடுத்தும் பருத்தி ஆடை, வகுப்பறையின் மரப் பெஞ்சு ஆகிய மூன்றிலும் பெரும்பங்கு வகிப்பது செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளாகும். தாவரச் செல்சுவரிலிருந்து இதனைப் பிரித்து, 1838-இல் உலகுக்கு அறிவித்தவர் ஆன்செல்ம் பாயன் என்ற பிரெஞ்சு வேதியியலார். தாவரவியல் செய்முறை ஏட்டில் செல்சுவரை வரைந்து பெயர் குறித்ததோடு நம்மில் பலர் அதனை மறந்துவிட்டோம். மருத்துவ ஆய்வாளர்களோ இன்று அதனைப் புதிதாகத் தேடிச் செல்கின்றனர்.

குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, அச்சங்கிலிகள் இழைகளாகத் திரண்டதே செல்லுலோஸ். மரக்கூழைப் பேரழுத்தத்தில் மிக நுண்ணிய வழியே செலுத்தினால் இழைகள் பிரிந்து, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை தடிப்புள்ள நூல்களாகின்றன. தலைமயிரின் தடிப்போ சுமார் எண்பதாயிரம் நானோமீட்டர்! இந்த நூல்கள் நீரில் ஊறி, நூற்றுக்கு இரண்டு பங்கு இழை இருந்தாலே கூழ்போலக் கெட்டிப்படும். இதுவே நானோ செல்லுலோஸ்.

இதனால் செய்த புண்கட்டுப் படலத்தை ஹெல்சிங்கியில் தீப்புண் நோயாளிகளிடம் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்தில் படலத்தை ஒட்டினர். புதுத்தோல் வளர்ந்ததும் அது தானே கழன்று விழுந்தது. கட்டுப் பிரிக்கும் வேதனையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆயினும் செல்லுலோஸுக்கு ஒரு குறை உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. நரம்பும் இதயத் தசையும் மின் துடிப்பால் இயங்குபவை. அவற்றைச் சீர்செய்யப் புகும் பொருளுக்கு மின்கடத்தும் திறனும் வேண்டும். இங்கேதான் கரி துணைக்கு வருகிறது. 1991-இல் ஜப்பானிய அறிஞர் இஜிமா விவரித்த கார்பன் நானோ குழாய்களும், 2004-இல் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் பிரித்துக் காட்டிய கிராஃபீன் ஏடும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துகின்றன. ஆனால் அக்குழாய்களை நீரில் இட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடலோ பெரும்பாலும் நீர்.

இந்தப் பிணக்கைத் தீர்ப்பது செல்லுலோஸ் நூலே. வேதிமுறையில் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏற்றலாம். அவ்வாறு ஏற்றிய நூல்கள் கார்பன் குழாய்களைப் பற்றிக்கொள்கின்றன. மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்குகின்றன. எனவே குழாய்களும் நீரில் விலகியே நிற்கின்றன. சோப்பு போன்ற வேறு பொருள் தேவையில்லை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இக்கலவையை மையாகக் கொண்டு முப்பரிமாண அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடுகளை அச்சிட்டனர். 2018-இல் வெளியான அவ்வாய்வின்படி, நரம்புச் செல்கள் அக்கோடுகளையே நாடி ஒட்டி, பெருகி வளர்ந்தன. இது சோதனைத் தட்டில் கண்டதேயன்றி மனித உடலில் கண்டதன்று.

உடலில் வைத்தால் என்னாகும்? நீண்ட கார்பன் குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது, கல்நார் விளைவிப்பதைப் போன்ற அழற்சி தோன்றியதென 2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் தெரிவித்தனர். குட்டையான குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை. எனவே கரி தீயது, தாவரப் பொருள் நல்லது என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறாகவும் இருக்கிறது. நம் வெள்ளணுக்களிலுள்ள ஒரு நொதி ஒற்றைச்சுவர்க் கார்பன் குழாய்களைச் சிதைக்கவல்லது என்று 2010-இல் கண்டனர். செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியோ நம் உடலில் இல்லை. பசுவுக்கு வைக்கோல் செரிப்பது அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களால்தான்; நமக்கு அந்தப் பேறு இல்லை.

இதற்கும் வழி தேடாமல் இல்லை. ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸை உடல் மெல்லக் கரைத்து ஏற்கிறது. அறுவையின்போது இரத்தக் கசிவை நிறுத்த அதனைப் பல்லாண்டுகளாகவே பயன்படுத்துகின்றனர். கலவைக்கான நூலையும் அவ்விதம் பக்குவப்படுத்தலாம். ஆனால் மிகுதியாக ஆக்சிஜனேற்றம் செய்தால் இழையின் வலிமை குன்றும். நூல் முன்னதாகக் கரைந்துவிட்டால், அது பிடித்துவைத்திருந்த கார்பன் குழாய்கள் உடலுக்குள் அவிழ்ந்துவிடும். ஆகவே தோலின்மேல் ஒட்டும் புண்கட்டுக்கும், வியர்வையையோ நாடித்துடிப்பையோ அளக்கும் பட்டைக்கும் முதலில் இதனைப் பயன்படுத்துவதே முறை என்பது என் கருத்து. அவற்றை வேண்டாதபோது உரித்து எடுத்துவிடலாம். நரம்பினுள் வைத்ததை அவ்வாறு எடுக்க முடியாது.