மாடத்தில் இருந்த கயிறு

எங்கள் கிராமத்து வீட்டில், திண்ணையை ஒட்டிய மாடத்தில், அகல்விளக்குக்குப் பக்கத்தில் நாலு முழ நூல்கயிறு ஒன்று எப்போதும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எதற்கென்று கேட்டால், இரவில் பாம்பின் பெயரை உச்சரித்தல் ஆகாது என்பது பாட்டியின் சித்தாந்தமாதலால், “பூச்சி தீண்டினால் கட்டத்தான்” என்பாள். ஆபத்துக்கு ஆயத்தமான குடும்பம் எங்களுடையது என்று நானும் வெகுகாலம் கர்வம் கொண்டிருந்தேன்.

கயிற்றை இறுக்கினால் விஷம் தலைக்கேறாது என்பதே அந்தக் கர்வத்தின் அஸ்திவாரம். வாஸ்தவத்தில் தடைப்படுவது ரத்த ஓட்டம். கண்ணாடிவிரியன் கடியில் ஏற்கெனவே வீங்கிய சதை, ரத்தமும் கிடைக்காமல், விஷமும் ஓரிடத்திலேயே தேங்கி அழுகுவதால், உயிர் தப்பியவனும் காலை இழக்க நேரிடுகிறது. யாரேனும் முன்னமே கட்டியிருந்தால், தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயக்கூடுமாதலால், அதைப் பதறி அவிழ்ப்பதும் அபாயமே. விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு வைத்தியர்தாம் அவிழ்க்க வேண்டும். கீறி உறிஞ்சுவதோ இன்னும் விபரீதம். ரத்தம் உறையும் சக்தியையே கண்ணாடிவிரியனின் விஷம் அழித்துவிடுவதால், கீறிய இடம் நிற்காமல் பெருகும். மோதிரம், மெட்டி, கொலுசு முதலியவற்றை வீக்கத்துக்கு முன்பே கழற்றி, கடிபட்ட அவயவத்தை ஒரு மட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதே நாம் செய்யத்தக்கது.

“மந்திரித்தவர்கள் பிழைத்தார்களே?” என்பார்கள். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷமுள்ளதும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமலே கடித்துவிட்டுப் போகும். ஆகவே எப்படியும் பிழைத்திருக்கக்கூடியவனின் பிராணன் மந்திரவாதியின் கணக்கில் வரவாகிறது. பல் தடம் இல்லையேல் பாம்பில்லை என்பதும் பொய். தரையில் படுத்துறங்குபவனைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடியும்போது வயிற்றுவலி என்பான், பிறகு இமைகள் தொங்கும், மூச்சுத் திணறும். கட்டிலும், பாய்க்கடியில் செருகிய கொசுவலையும், வாசற்படிக்கு ஒரு டார்ச் விளக்கும் அந்தக் கயிற்றைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பாம்பை அடித்து எடுத்துவர வேண்டும் என்று அரைமணி நேரம் வைக்கோற்போரைக் கிளறுவதும் வீண். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் இந்தியாவில் மருந்து ஒன்றே. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரோடு பிடித்த பாம்புகளிடமிருந்து எடுக்கும் விஷமே அதற்கு முக்கிய ஆதாரம். அம்மருந்து எந்த ஆஸ்பத்திரியில் உண்டென்று பகலிலேயே விசாரித்து எழுதி வைக்காத வீட்டில், மாடம் நிறையக் கயிறிருந்து என்ன?

அந்தக் கயிற்றின் உறவினர் வேறு ஆபத்துகளிலும் உண்டு. தீப்புண்ணுக்கு மாவும் மையும் வேண்டாம், இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் போதும். வலிப்புக்காரர் கையில் திணிக்கும் இரும்புச்சாவியும் மந்திரவாதியின் ஜாதியே. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானே அடங்கும், கீர்த்தி சாவிக்குப் போகும். அருகிலிருக்கும் அம்மிக்குழவியை அப்புறப்படுத்தி, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தின் மேல் ஒரு கண் வைத்திருந்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.