எந்தப் பூச்சிக்கு எந்தப் பூஞ்சாணம்?

பயிர்ப் பூச்சிகளுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சாணங்களில் பவேரியா பேசியானா, மெட்டாரைசியம் அனிசோப்ளியே, வெர்டிசிலியம் லெக்கானி ஆகிய மூன்றும் டால்க் தூளாகவும் திரவமாகவும் விற்கப்படுகின்றன. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைப் புழு தின்றால்தான் சாகும். பூஞ்சாணத்துக்கு அது தேவையில்லை. உடம்பில் ஒட்டிய வித்து முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே பரவும். அதனால் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் இதற்குத் தப்புவதில்லை.

வித்து முளைக்க ஈரம் வேண்டும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இதமானது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரைச் சமவெளியில் எதை வாங்குவது என்பதைவிட எப்போது, எங்கே இடுவது என்பதே பெரிய கேள்வி.

இந்த வெயிலுக்கும் கைகொடுப்பது எருக்குழியில் இடும் மெட்டாரைசியம். சோழவந்தான், வாடிப்பட்டித் தென்னந்தோப்புகளில் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியில்தான். நிழலும் ஈரமும் அங்கே எப்போதும் உண்டு. சில நாள் கழித்துக் கிளறினால், விறைத்துச் செத்த புழுவின் மேல் முதலில் வெண்பூசணமும் பிறகு கரும்பச்சைத் தூளும் படர்ந்திருக்கும். அந்தத் தூள் முழுவதும் புதிய வித்து. மக்காச்சோளப் படைப்புழுவுக்கும் இதையே குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கலாம்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும், வாழையில் கூன்வண்டுக்கும் பவேரியா. வாழைத்தண்டைப் பிளந்து, வெட்டுவாயில் தடவி வைத்தால் வாசனைக்கு வரும் வண்டு நோயோடு திரும்பும். பட்டுப்புழுவைக் கொல்லும் வெண்பூசண நோய்க்குக் காரணம் இதுவே என்று இத்தாலியரான பாசி 1835-இல் காட்டினார். மல்பெரித் தோட்டத்தின் அருகே இதைத் தெளிக்கவே கூடாது.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு வெர்டிசிலியம். மூன்றில் ஈரத்துக்கு அதிகம் ஏங்குவது இது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கே பொருந்தும்.

இலைவழியாக எதைத் தெளித்தாலும் லிட்டருக்கு 5 கிராம், ஏக்கருக்கு 1 கிலோ. தூளைக் கரைத்து, துணியில் வடிகட்டி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். பூச்சி சாக ஒரு வாரம்வரை ஆகும். தாக்குதல் முற்றிய வயலுக்கு இது உதவாது. மாங்கோசெப், கார்பென்டாசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லிகளை இதனுடன் கலந்தால் வித்து செத்துவிடும். காலாவதித் தேதி பார்த்து, நிழலில் வைத்திருக்கும் கடையில் மட்டும் வாங்கவும்.