வினைமுற்றின் பொறுப்பு

நுழையும்முன்

நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் மருத்துவமனைகள்மீதான புகார்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. படிப்பவர் சினம் கொள்கிறார், மறுநாள் மறந்துவிடுகிறார். அச்செய்திகளின் சொல்லமைப்பைச் சற்று நின்று நோக்கினால், ஒரு வேற்றுமை உருபும் ஒரு வினைமுற்றும் எவ்வளவு சுமையைத் தாங்குகின்றன என்பது விளங்கும்.

மின்தூக்கியும் புகையும்

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல், சுற்றியுள்ள சமவெளி மக்களுக்கு மருத்துவம் தேடி வந்து சேரும் ஊராகவும் விளங்குகிறது. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் எனப் பல திசைகளிலிருந்தும் பேருந்தேறி வருவோர் அரசு மருத்துவமனையையும் தனியார் மருத்துவமனைகளையும் நாடுகின்றனர். நோயாளியோடு துணைக்கு வந்தோரும் அங்கேயே இரவைக் கழிப்பர். அத்தகைய தனியார் மருத்துவமனை ஒன்றில், திருச்சி சாலையில், 2024 டிசம்பர் 12 அன்று இரவு தீப்பற்றியது. ஒரு சிறார் உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். நோயாளிகள் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்பது அன்றைய முதற்கட்ட ஐயம்.

‘தீயில் கருகி ஆறு பேர் பலி’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், இறந்தோர் மின்தூக்கிக்குள் மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டனர் என்றும் புகையால் நேர்ந்த மூச்சுத்திணறலே காரணம் என்றும் செய்திகள் தெரிவித்தன. இவ்வேறுபாடு சொல்நயம் பற்றியதன்று. ‘கருகி’ என்றால் படிப்பவர் தீயை மட்டுமே நினைப்பார். ‘மின்தூக்கியில், புகையால்’ என்றால் வினாக்கள் பிறக்கும். தீவிபத்தின்போது மின்தூக்கியில் ஏறக்கூடாது என்பதைத் துணைக்கு வந்தவர்களுக்கு யார் சொன்னார்கள்? மாற்று வழி திறந்திருந்ததா? நடக்க இயலாத நோயாளியைக் கீழே இறக்கப் பணியாளர்கள் பயிற்சி பெற்றிருந்தார்களா? தீயணைப்புத் துறையின் சான்று எந்நாள்வரை செல்லும்? ஒரு வினையெச்சத்தைச் சரியாக இட்டாலன்றி, இவ்வினாக்களை எழுப்ப வேண்டும் என்ற எண்ணமே தோன்றாது.

‘ஆல்’ என்னும் உருபு

‘மருத்துவர் அலட்சியத்தால் பெண் சாவு’ என்னும் தலைப்பைக் கருதுக. இதிலுள்ள ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை உருபு. இங்குக் காரணப் பொருளில் வந்துள்ளது. உறவினர் காவல் நிலையத்தில் மனு அளித்த அன்றே, விசாரணையும் உடற்கூறாய்வும் முடியுமுன்பே, ஈரெழுத்து உருபு ஒன்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘பெண் சாவு, மருத்துவர்மீது உறவினர் புகார்’ என்பதோ அறிந்ததை மட்டும் கூறுகிறது. தலைப்பின் கூர்மை சற்றே மழுங்கலாம். செய்தியின் உறுதி குன்றாது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ‘விதிகள் மீறப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்னும் தொடரில் கூறியவர் யார்? மீறியவர் யார்? எந்த விதி? செயப்பாட்டுவினை இரண்டு அடுத்தடுத்து வர, வினை செய்தோர் இருவரும் மறைந்துவிடுகின்றனர். எச்சரிக்கையுடன் எழுதப்பட்டது போலத் தோன்றும் இத்தொடர் உண்மையில் அச்சத்தில் எழுதப்பட்டது. புகார் தந்தவரின் உறவுமுறை, ஆய்வு செய்த அலுவலரின் பதவி, மீறப்பட்டதாகச் சொல்லப்படும் விதி ஆகிய மூன்றையும் சேர்த்தால் அத்தொடர் நிமிர்ந்து நிற்கும்.

விதியை அறிதல்

விதியைக் குறிப்பிட வேண்டுமெனில் விதி தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியே ஒரு செய்திக்கு உரிய பொருள். உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் பேணவேண்டும் என்றும், நோயாளியோ அவர்சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. இது தெரியாத குடும்பம் மருத்துவமனை வாயிலில் நின்று அழும். தெரிந்த குடும்பம் எழுத்துவழி விண்ணப்பித்துத் தேதியிட்ட ஒப்புகை பெறும். செய்தியாளருக்கும் கூச்சலைவிட அவ்வொப்புகைச் சீட்டே பெருந்துணை.

செய்தி சென்ற தொலைவு

சாலையில் மகிழுந்து மோதிக் காயமுற்ற ஒருவரை வழிப்போக்கர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். இது காவல்துறை வழக்கு என்று கூறி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே உயிர் பிரிந்தது. நாளிதழில் வந்த இச்செய்தியை இணைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உயிர்காக்கும் முதல் மருத்துவமே முந்தியது, சட்ட நடைமுறை பிந்தியது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடு இதற்கில்லை என்று 1989 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது.

ஏர்வாடி நிகழ்வு தமிழகம் மறக்கவியலாதது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கைப் பதிவு செய்தது. அவ்வழக்கின் பெயரில் ‘25’ என்ற எண்ணே இன்றும் நிற்கிறது. முதல் நாளில் அச்சேறும் எண் எத்துணைக் காலம் வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்னும் தடை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப்படையாக இடம்பெற்றது.

மருத்துவரின் பக்கம்

எல்லா இறப்பும் தவறன்று. சிறந்த மருத்துவமும் தோற்கும் நோய்கள் உண்டு. மருத்துவர்மீது குற்ற நடவடிக்கை எடுக்குமுன், அத்துறை அறிந்த மற்றொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறவேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவமனைகள் தாக்கப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச்சட்டம் இயற்றியது. ஆகவே, மருத்துவமனையின் விளக்கத்தைச் செய்தியின் கடைசி வரியில் ஒட்டவைப்பது போதாது. புகாருக்கு அருகிலேயே அது நிற்கவேண்டும். விளக்கம் தர மறுத்தால், மறுத்தவர் பதவியோடு அதையும் எழுதலாம். நோயாளியின் பெயரையும் நோயையும் உரிய ஒப்புதலின்றி வெளியிடுவதோ மற்றொரு விதிமீறலாகும்.

உள்ளூர் இதழ்களில் அரிதாகக் காண்பது தொடர்செய்தி. மருத்துவமனைக்குச் சீல் வைத்த நாளில் முதல் பக்கம் நிறைகிறது. சீல் எப்போது, எந்த நிபந்தனையுடன் அகற்றப்பட்டது, புகார் உண்மையெனத் தெளிந்ததா, பொய்த்ததா என்பவை பெரும்பாலும் அச்சேறுவதில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று தயங்கி நிற்கும் வெளியூர்க்காரருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது செய்திதான்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி மருத்துவமனை குறித்த புகார்ச் செய்தி ஒன்றை எடுத்து, அதிலுள்ள செயப்பாட்டுவினைத் தொடர்களைச் செய்வினையாக மாற்றுக. எழுவாய் கிடைக்காத தொடர்களைத் தனியே குறித்து, அவ்வெழுவாயை யாரிடம் கேட்டறியலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.